இரண்டு தடவை நுழைந்த வீடு

மதுரைக்கு வந்த முதல் வாரத்தில், வழி தெரிந்த இடத்துக்கும் போலீஸ்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு திரிந்தேன். மலேசியாவில், தைப்பிங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இந்தப் பைத்தியம் புரியும். நம் ஊரில் காவல் நிலையத்துக்கு மலாய், வங்கிக்கு ஆங்கிலம், மளிகைக் கடைக்கு அரைகுறை ஹொக்கியன் சீனம். தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும். இங்கே சிம்மக்கல் முக்கில் நின்ற போலீஸ்காரர், "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க தம்பி" என்றார். அந்தச் சோத்தாங்கையை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று அடுத்த முக்கிலும் போய் நின்றேன். தபால்காரர் தமிழ், மருந்துக் கடைக்காரர் தமிழ், பேருந்தில் என் காலை மிதித்தவர் தமிழ், காலை ஏன் அங்கே வைத்தாய் என்று அவர் என்னைத் திட்டியதும் தமிழ். நெரிசலில் நின்றுகொண்டு நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன தமிழ் என்னுடையது. மிச்சத்தை வார இதழ்களிலிருந்தும், பேசுகிறவர்கள் வாயிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து மிட்டாய்க் கடைக்குள் விட்டால் என்ன ஆவான்?

எழுபதுகளின் கடைசி அது. நானும் பக்கத்துத் தோட்டத்து சுப்ராவும் பினாங்கில் கப்பலேறி, மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்து மதுரை வந்திருந்தோம். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் மட்டும் இடமில்லை. வெளிநாட்டு மாணவர்கள் வந்த இரண்டு வாரத்துக்குள் காவல்துறை அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு விலாசம் வேண்டும். 'இவர்கள் என் வீட்டில் குடியிருக்கிறார்கள்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். லாட்ஜ் விலாசம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள் ஓடிப்போயிருந்தது. கல்யாணம் ஆகாத பையன்களுக்கு வீடு இல்லை என்று ஆறு வாசலில் கேட்டுவிட்டோம். அதையும் தமிழிலேயே சொன்னார்கள் என்பதால் முதல் மூன்று வாசலில் எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

ஏழாவது வீடு நாகமலை புதுக்கோட்டையில், மலையைப் பார்த்த மாடி அறை. வீட்டுக்காரர் முத்தையா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தடித்த மீசை, மெல்லிய குரல். அவர் மனைவி பாண்டியம்மாள் அடுக்களையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். முத்தையா எங்களை உட்காரச் சொன்னார். என்ன படிப்பு, அப்பா என்ன வேலை, கறி மீன் சமைப்பீர்களா, சிநேகிதக்காரர்கள் கூட்டமாக வருவார்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னோம், நல்ல தமிழில், நான் பொறுக்கி வைத்திருந்த சொற்களையெல்லாம் போட்டு. கடைசியில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசனையில் ஆழ்ந்தார்.

அங்கேதான் எங்கள் வளர்ப்பு எங்களைக் காட்டிக்கொடுத்தது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா சைக்கிள் வாங்கப் போனார், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு. கடை முதலாளியான சீனத் தவுக்கே விலையைச் சொன்னதும் அப்பா அவர் முகத்துக்கு நேரே சிரித்தபடி, "இந்தாளு ரொம்பக் கூட்டிச் சொல்றான், நீ கோவிச்சுக்கிட்டுக் கிளம்புற மாதிரி கிளம்பு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா கிளம்பினார். தவுக்கே விலையில் இறங்கி வந்தார். நம் எல்லோருக்கும் இது தெரியும். கடையில், ஆஸ்பத்திரியில், பேருந்தில், எதிரே நிற்கும் தமிழ் தெரியாதவருக்கு முன்னாலேயே குரலைக்கூடத் தாழ்த்தாமல் தமிழில் கலந்து பேசிக்கொள்வோம். அது யோசித்துச் செய்கிற காரியமில்லை. கண் இமைப்பது மாதிரி.

முத்தையா யோசித்துக்கொண்டிருக்க, சுப்ரா என் பக்கம் திரும்பிச் சாதாரணக் குரலில் சொன்னான்: "மீசைக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல. இவரு தானா முடிவு சொல்ல மாட்டாருடா."

நானும் கண் இமைத்தேன். "உள்ள இருக்கிற அம்மாகிட்டக் கேட்டாத்தான் காரியம் நடக்கும். இந்த வீட்டுல அவங்க வச்சதுதான் சட்டம்போல."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

முத்தையா கோபப்படவில்லை. அதுதான் எங்களைக் கொன்றது. "தம்பி, எனக்கும் தமிழ் தெரியும்" என்றார், ஏதோ தன் மீதே தப்பிருப்பதுபோல.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் சுப்ரா முதலில் குதித்திருப்பான். நான் உளறிக்கொட்டினேன்: தவுக்கே, சைக்கிள், சித்தப்பா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அங்கிட்டு தமிழ்ங்கிறது மறைச்சு வைக்கிற சாமானா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். வந்த நாள் முதல் மிதந்துகொண்டிருந்தவன் அந்தக் கேள்வியில் தரைக்கு வந்தேன். மறைத்து வைப்பதில்லை ஐயா, எங்களுக்குக் கதவுள்ள ஒரே அறை அதுதான் என்று சொல்ல நினைத்தேன்.

அதற்குள் பாண்டியம்மாள் அடுக்களை வாசற்படிக்கு வந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்திருந்தாலும் தோள் குலுங்கியது. "பத்தொம்பது வருசமா இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தோம். அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டாக. இம்புட்டு வெவரமான பிள்ளைகள விடக்கூடாது, வீட்டக் குடுத்துருங்க" என்றார்.

சிக்கல் முறுகியது அப்போதுதான். முத்தையா இப்போது சரி என்றால், நாங்கள் சொன்னது உண்மையாகிவிடும். இல்லை என்றால், மூன்று நாளில் நாங்கள் விலாசமில்லாதவர்கள் ஆகிவிடுவோம். அவர் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். நானும் சுப்ராவும் தமிழில் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தோம்.

"எந்திரிங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார்.

எழுந்தோம். செருப்பை மாட்டினோம். நாங்கள் கேட்டைத் தாண்டியதும் அவர் குரல் வந்தது. "அங்கனயே நின்னு, கேட்டத் தட்டி, புதுசா வாங்க. நான் இப்பத்தான் ஒங்களப் பாக்குறேன்."

தட்டினோம். யாரது என்றார். வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தோம் என்றேன். உட்காரச் சொன்னார். என்ன படிப்பு, அப்பா என்ன வேலை, கறி மீன் சமைப்பீர்களா என்று ஒன்று விடாமல் மறுபடியும் கேட்டார். முன்பு சொன்ன பதில்களையே புதிதுபோலச் சொன்னோம். அடுக்களையில் கரண்டி அசையவில்லை. நடுவில் சுப்ராவுக்கு ஒரு சந்தேகம் வந்தது, என் பக்கம் திரும்பினான், வாயைத் திறந்தான், முகம் வெளிறி, "பிலிக் ஆயேர் டி மானா?" என்றான். குளியலறை எங்கே இருக்கிறது என்று கேள் என்கிறான், மலாயில்.

"அது என்ன பாசை?" என்றார் முத்தையா.

"மலாய்ங்க."

"ம். இனிமே ரகசியமெல்லாம் அதுலயே பேசிக்கங்க." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அடுக்களைக்கும் கேட்கிற குரலில் தீர்ப்புச் சொன்னார்: "நான் யோசிச்சுப் பாத்தேன். ஒங்களுக்கு வீடு தாரேன். நாளைக்கே வந்து பால் காய்ச்சிருங்க." உள்ளே தாளிப்பு மறுபடி பொரிந்தது.

பால் காய்ச்சிய மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, கடிதத்தோடு அவரே எங்களுடன் காவல்துறை அலுவலகத்துக்கு வந்தார். அங்கிருந்த அதிகாரியிடம் நான் தமிழில் பேசினேன். சுப்ரா என்னிடம் மலாயில் பேசினான். தமிழில் வாய் திறக்கும் தைரியம் அவனுக்கு இன்னும் திரும்பவில்லை. நம் ஊரில் அதிகாரிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த மொழி, இங்கே எங்கள் இருவருக்கு மட்டுமானதாகிவிட்டது. வெளிநாட்டவர் என்று எழுதி, முத்திரை குத்தி, தாளைக் கையில் கொடுத்தார்கள். முத்தையா வீட்டுக் கதவு எண் அதில் என் விலாசமாக இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். எங்களுக்கு இடம் கிடைத்தது. முத்தையா கம்பியைப் பிடித்து நின்றார். நான் எழுந்தபோது, உட்காரச் சொல்லித் தோளை அழுத்தினார். முன் இருக்கையில் கூடைகளோடு இரண்டு பெண்கள். சுப்ரா மலாயில் பசிக்கிறது என்றான். என்ன சாப்பிடலாம், எங்கே சாப்பிடலாம் என்று அதிலேயே நீட்டிக்கொண்டு போனான். ஒரு பெண் திரும்பி எங்களை நன்றாகப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மொகத்தப் பாத்தா நம்ம பிள்ளைக மாதிரியே இருக்கு. பேச்சுத்தான் வேற. எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துச்சுகளோ. வயிறு ஒட்டிப்போயிக் கெடக்கு பாரு. பெத்தவ என்ன பாடு படுறாளோ."

நிமிர்ந்து பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த முத்தையாவின் மீசை துடித்தது. அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை தமிழில் சொன்னால் போதும், அந்த அம்மா கூச்சப்பட்டுத் திரும்பிக்கொள்வார். நான் சுப்ராவின் பக்கம் சாய்ந்து மலாயிலேயே பதில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே, அந்த அம்மா இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பற்றிப் பேசட்டும் என்று.