ஆள் ஏற்றாமலிருக்க ஒரு ஸ்பிரிங்

மலையில் வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும் விற்கிறவன் வண்டியைப் பற்றிக் கேட்பதைவிட, அதில் ஏறுகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். பதுளையில் கடை வைத்திருக்கிறேன். காரை அழகுக்காகத் தாழ்த்திக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் பல்லைக் கடிக்கும் அன்பர்களே, உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாவத்தைச் செய்து கொடுத்தவன் நான்தான்.

விரல் இடைவெளி

எல்ல ஊர்ப் பக்கமிருந்து ஒரு இளைஞர் வந்தார். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். குட்டை ஸ்பிரிங் போட்டால் அதற்கேற்ற ஷொக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தவளை மாதிரிக் குதிக்கும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேட்டால்தானே! ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நிப்பாட்டி வச்சுப் பார்த்தா ராஜா மாதிரி இருக்குண்ணே, ஓட்டத்தான் ஏலாது."

வாய்க்குப் பதிலாக

கனகராஜ் அந்த ரகமில்லை. கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வீடு, பண்டாரவளையில் வேலை. அவர் இருக்கும் லயத்து வீட்டு வரிசையில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருத்தர்தான். காரைத் தாழ்த்த வேண்டும் என்றார். யார் யார் ஏறுவாங்க என்று வழக்கம்போல் கேட்டேன். பெரிய மூச்சாக விட்டார். காலையில் புறப்பட்டால், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒருத்தர் கை காட்டுவார். அடுத்த முடக்கில் கிளினிக் போகிற அம்மா. அதற்கப்புறம் மரக்கறி மூட்டையோடு ஒருத்தர். எல்லாம் சொந்தபந்தம். ஆபீசுக்குத் தினமும் பிந்திப் போய்த் திட்டு வாங்குகிறார். கார் தாழ்ந்திருந்தால், ஆள் ஏறினால் தரையில் தட்டும் என்று சொல்லித் தப்பிக்கலாமாம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வருதில்லண்ணே, அத வண்டியே சொல்லட்டும்."

பரிதாபம்

தாழ்ந்த வண்டிக்கு மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் எங்கள் ரோட்டில் அடிப்பாகம் கிழிந்துவிடும். அதனால் குட்டையாகவும் இறுக்கமாகவும் ஒன்றைத் தேடிப் பிடித்து, பொருத்தமான ஷொக்கோடு போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கார் தூக்கித் தூக்கிப் போடுகிறதாம். கடையில் வேலை செய்யும் இரண்டு தடியன்களைப் பின்சீட்டில் ஏற்றி ஒரு சுற்றுப் போனோம். தொட்டில் மாதிரிப் போனது. இறுக்கமான ஸ்பிரிங்கின் குணம் அது, பாரம் இருந்தால்தான் அடங்கும். ஆள் ஏற்றாமலிருக்கப் போட்டது, ஆள் ஏறினால்தான் ஒழுங்காக ஓடும் என்றால் மனுஷன் என்னதான் செய்வார்?

சரி, கை காட்டுவதாவது நின்றதா என்று கேட்டேன். அடியோடு நின்றுவிட்டதாம். அதைச் சொல்லும்போது முகத்தில் துளி சந்தோஷமில்லை.

"கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவால்லண்ணே, 'பாவம், தம்பி வண்டி தட்டும்'னு ஒதுங்கி நின்னு வழி விடுறாங்க."

குளவி

மூன்றாம் தடவை அவர் வந்தபோது ஆளே மாறியிருந்தார். முந்தின நாள் மலையில் குளவிக்கூடு கலைந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவுக்குத்தான் மோசம். முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டது. கனகராஜ் லீவில் வீட்டில்தான் இருந்தார், காரும் வாசலில் நின்றது. ஒருத்தரும் அவரைக் கூப்பிடவில்லை. போர்வையில் படுக்க வைத்து, மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்து காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், பாதி வழியில் மறித்து, அக்காவையும் கொட்டு வாங்கிய மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டார். அவ்வளவு பாரத்திலும் கார் இரண்டொரு இடத்தில் உரசியதோடு சரி. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். நல்லவேளை, அக்கா பிழைத்துக்கொண்டார்.

இதைச் சொல்லிவிட்டு, பழைய ஸ்பிரிங்கையே போடுங்க என்றார். இப்போது போட்டிருக்கிறதுதான் பாரம் தாங்குதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். வழி நெடுக, பள்ளம் வரும்போதெல்லாம் அக்கா மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாரம் குறையட்டும் என்று உடம்பைச் சீட்டிலிருந்து தூக்கப் பார்த்தாராம்.

"மூச்சு விட ஏலாம கெடந்தவங்க, 'நா எறங்கி நடக்கட்டுமா தம்பி, ஒன் வண்டி தட்டுது'ன்னு கேட்டாங்கண்ணே."

பழைய ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்த பிறகும் கனகராஜின் கார் காலையில் தாழ்ந்துதான் போகிறதாம். அத்தனை பேர் ஏறி உட்கார்ந்தால், அதைத் தாழ்த்த என் கடை தேவையே இல்லை.