ஓடை இறங்கிய இடம்

காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கினேன். அடியில் படிந்திருந்த வண்டலின் வாசனை மூக்கில் ஏறியதும், ஏற்காட்டில் எங்கள் ஓடை ஏரியோடு கலக்கும் இடத்துக்கே போய்விட்டேன். கடலைப் பார்த்திராத எங்களுக்கு அதுதான் முகத்துவாரம். மழைக்கு மழை காப்பித் தோட்டத்துச் செம்மண்ணையும் மட்கிய இலையையும் ஓடை கொண்டுவந்து கொட்டும். தான் கொட்டிய மண்ணே தன்னை மறிக்க, இந்த வருஷம் இடப்பக்கம், அடுத்த வருஷம் நாணலுக்கு அப்பால் என்று வழி மாறி ஏரிக்குள் இறங்கும். அம்மாவும் துவைக்கிற கல்லை உருட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போவாள்.

எட்டு வயதில் அந்தச் சேற்றில் முழங்கால்வரை புதைந்தேன். பாதாளத்துக்கே போகிறேன் என்று முடிவுசெய்து, செத்துப்போன சித்தப்பாவைக்கூடத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க்கா, உங்க பையன் வேரு புடிச்சுட்டானாட்டம் இருக்குது!" என்றாள், கூடத் துவைத்துக்கொண்டிருந்த சரசக்கா.

அம்மா துணியைக் கீழே வைக்கவில்லை. "பின்னால சாஞ்சு உக்காரு சாமி. உன்னைய முழுங்க சேத்துக்கு வாய் பத்தாது. உன்ற வாய்தான் நொம்பப் பெருசு."

சாய்ந்தேன். சேறு முத்தச் சத்தத்தோடு காலை விட்டுவிட்டு, டவுசரை மட்டும் வைத்துக்கொண்டது.

இன்று அங்கே ஒரு விடுதியின் புல்வெளி. மேலே தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட, அங்கிருந்து சரிந்து வந்த மண் இங்கே மேடாகிவிட்டது. ஓடையைக் குழாய்க்குள் அடைத்து ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார்கள். போன மாதம், யாரும் பார்க்காத நேரத்தில், அந்தப் புல்லின்மேல் குதித்துப் பார்த்தேன். கால் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

அந்த இடத்தில் இரண்டாவது முறையாகப் பயந்தேன்.