அம்மாவின் மெட்டி விரல்

அம்மாவின் இடது காலில், மெட்டி போடுகிற விரலின் நகம் முதலில் மஞ்சளானது. பிறகு தடித்து, உளுத்த பலகை மாதிரி உதிரத் தொடங்கியது. மழை நாளெல்லாம் சப்பாத்துக்குள் கால் ஊற ஊறத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், நகத்தையா பார்த்துக்கொண்டிருப்பாள்? தானாக விழுந்து தானாக முளைக்கும் என்று விட்டுவிட்டாள். தோட்டத்து லய வீடுகளில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் என்றார்கள், வேப்பெண்ணெய் என்றார்கள், ஒருத்தி மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னாள். டாக்டரிடம் போவதைத் தவிர எல்லாவற்றையும் அம்மா செய்தாள். இத்தனைக்கும் அவளுக்குச் சீனி வியாதி வேறு.

நான் பதுளையில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஒரு லீவு நாளில் அவளை இழுக்காத குறையாகப் பசறையில் பஸ் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். நகத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பூசுகிற மருந்து இருக்கிறது, ஆனால் இவ்வளவு தடித்த நகத்துக்குள் அது இறங்காது. மாத்திரைதான் சரி. ஈரல் தாங்குமா என்று ரத்தம் சோதித்துவிட்டு, மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். புது நகம் முழுதாக வளர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதற்கும் கேட்காவிட்டால் நகத்தையே எடுக்க வேண்டிவரும். எதைச் செய்தாலும் கால் காய்ந்திருக்க வேண்டும், வீங்கிய விரலைக் கடிக்கிற மெட்டியை இன்றைக்கே கழற்ற வேண்டும். சீனி உள்ள காலில் புண் வந்தால் விரலே போய்விடும் என்றும் சொன்னார்.

மாத்திரை வரைக்கும் தலையாட்டிய அம்மா, மெட்டி என்றதும் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா இருக்கையில நான் எதுக்குக் கழட்டணும்?"

இதை எந்தச் சிங்களத்தில் டாக்டருக்குச் சொல்வது? அம்மாவுக்குப் பயம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு, நாலு எட்டு வைத்தால் இளைக்கும். அவரை விட்டே சொல்லச் சொன்னேன். நானே சொல்றேன், கழட்டிடு என்று அவரும் சொன்னார். அந்த வார்த்தையை உங்கள் வாயால் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டு அம்மா அன்றைக்குச் சோறே தின்னவில்லை. மெட்டியா மனுசனுக்கு மூச்சு விடுது என்று நான் ஆத்திரத்தில் கத்தினேன். அவள் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள்.

மெட்டிக்கடியில் தோல் கிழிந்ததை அவள் யாருக்கும் காட்டவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். பிறகு விரலை எடுத்தார்கள்.

நான்தான் அழுதேன். அம்மா அழவில்லை. அப்பா மூச்சு வாங்க வாங்க வார்டுக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா, அவருக்கு வந்த கண்டம் என் விரலோட போச்சு."

அவள் முகத்தை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததேயில்லை.

இப்போது வலது காலிலும் அதே விரலின் நகம் மஞ்சளாகிவருகிறது. அந்த விரலிலும் மெட்டி இருக்கிறது. நான் சொல்லிப் பார்க்காத நாளில்லை. அப்பா இருமும்போதெல்லாம் அவள் குனிந்து, அதை விரலின் அடி வரைக்கும் தள்ளி அழுத்திவிட்டுக்கொள்கிறாள்.