கைக்கு வந்த பக்கம்

லண்டனில் இல்ஃபோர்ட் ஸ்டேஷன் வாசலில் யாரோ சிப்ஸுக்கு வினிகர் ஊற்ற, இதே நகரின் எட்மண்டனில் ஒரு சிப்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த, இப்போது இடிபட்டுப்போன எங்கள் வீடும், கடையின் எண்ணெய் வாசம் ஏறிய பழைய கலைக்களஞ்சியமும் நினைவுக்கு வந்தன. ஞாயிறு மத்தியானங்களில், ஹீட்டரில் காயாமல் கிடக்கும் ஈர உடுப்புகளுக்கு நடுவே, அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒரு பக்கத்தைத் திறப்பார். நான் வாசித்துத் தமிழில் சொன்னதும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லவேண்டும். பென்குயினுக்கு அம்மா, "ஐயோ பாவம், காலில ஒரு சொக்ஸ்கூட இல்லை" என்றார். எரிமலைக்கு, "அதுக்குப் பக்கத்தில ஆர் போய் வீடு கட்டச் சொன்னது?" என்று கோபப்பட்டார்.

ஒருநாள் எங்கள் இலங்கையின் பக்கம் வந்தது. நான் வாசித்து முடித்ததும், அப்பா யாரிடமும் கருத்துக் கேட்காமலே பக்கத்தைப் புரட்டக் கை வைத்தபோது, அதிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னார்: "வெயில் நல்லா எறிக்குது. உடுப்பு உடன காஞ்சிடும்."