லிஃப்ட்காரர் மலைப்பிளவுக்குப் போன நாள்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தன் புருஷன் வேலை செய்வதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் நகக்கண்ணில் கிரீஸோடு வருவார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ரெண்டு கதவு, ஒரு பிரேக்கு" என்பார். அத்தோடு சரி. நகரத்தில் நாற்பத்து மூன்று லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும்.

அவளோ வாய் ஓயாதவள். திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. தையல் மெஷின் நின்றாலும் நிற்கும், இவள் பேச்சு நிற்காது என்று கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொள்ள ஆள் இருந்தது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. "உம்" என்பார். ரொம்ப முக்கியமான விஷயமாக இருந்தால் "அப்படியா" என்பார்.

வெளியே கூட்டிக்கொண்டு போனாலும் அவர் போக்கு தனிதான். துணிக்கடை லிஃப்டில் எல்லோரும் எந்த மாடி என்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, நோயாளியின் நெஞ்சில் காது வைத்த டாக்டர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். "இன்னும் ரெண்டு வாரம் ஓடும்" என்று ஒருமுறை முணுமுணுத்தார். அதோடு அவள் அந்தக் கடையில் படியில்தான் ஏறுவாள்.

அவளுடைய தம்பி இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தான். அக்காவுக்குத் தப்பாத வாய். மாமாவைக் கண்டால் அவனுக்குக் கொஞ்சம் இளக்காரம். "மாமா வாழ்க்கையில பாத்ததெல்லாம் ஏத்தமும் இறக்கமும்தான், அக்கம் பக்கம் எதுவும் தெரியாது" என்று நாலு பேர் நடுவில் சொல்லுவான். லிஃப்ட்காரரும் சேர்ந்து சிரிப்பார். அவளுக்குத்தான் சுருக்கென்று இருக்கும். ஆனால் தம்பியாச்சே என்று விட்டுவிடுவாள்.

அந்தத் தம்பிதான் மலைப்பிளவுக்குப் போகலாம் என்று ஆரம்பித்து வைத்தான். நகரத்திலிருந்து வேனில் நாலு மணி நேரம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். கடைசி நாற்பது கிலோமீட்டருக்குக் கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, செல்போனில் ஒரு கோடுகூட வராது. எத்தனையோ ஆயிரம் வருஷமாக ஒரு சின்ன ஆறு பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பிளவு. "லீவுன்னு ஒண்ணு இருக்குன்னு மாமாவுக்கு யாராவது சொல்லுங்கக்கா" என்று அவன் வம்பு பண்ண, லிஃப்ட்காரர் தன் நாற்பத்து மூன்றையும் ஒரு நாளைக்குக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். தம்பி, தம்பி பொண்டாட்டி, இவர்கள் இருவர், வேன்காரர். அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம், இரண்டு குடம் கொள்ளும் அளவுக்குத் தண்ணீர்.

வழியெல்லாம் தம்பிதான் பேசினான். பிளவு எத்தனை அடி ஆழம், எங்கே நின்றால் படம் நன்றாக விழும், எல்லாம் ஏற்கெனவே போய்வந்தவன் மாதிரி சொன்னான். லிஃப்ட்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீடுகள் குறைந்தன, மரங்கள் குறைந்தன, கடைசியில் பழுப்பு மண்ணும் முள்செடியும்தான் மிச்சம். ஒரு திருப்பத்தில் வேன் நின்றது. நாலு எட்டு நடந்ததும் தரை சட்டென்று முடிந்துபோயிற்று.

அவளுக்கு அன்றைக்கு முதல்தடவையாக வாய் அடைத்தது. எதிர்ச் சுவர் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, கல் எறிந்தால் படும் போல. ஆனால் அடி எங்கேயோ கிடந்தது. கீழே பச்சை நூல் மாதிரி ஆறு.

"இறங்க ரெண்டு வழி" என்றார் வேன்காரர். "இந்தப் பாதையில போனா பாதியில இரும்பு ஏணி வரும். அந்தக் காலத்துல ஆத்துத் தண்ணி அளக்க வந்தவங்க அடிச்சு வச்சது. இன்னொண்ணு ஆட்டுப் பாதை, அஞ்சு கிலோமீட்டர் சுத்து. அது அந்தப் பக்கத்து ரோட்டுல போய் ஏறும். எதுல போனாலும் நாலு மணிக்குள்ள வண்டிக்கு வந்துடுங்க."

"ஏணிதான்!" என்றான் தம்பி. அவன் பொண்டாட்டிக்கு முட்டி வலி. வேனிலேயே இருந்துகொண்டாள்.

ஏணி செங்குத்தாக நின்றது. லிஃப்ட்காரர் அதன் போல்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். "நல்லா போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு முதலில் அவரே இறங்கினார். அடுத்து அவள். படிக்கு ஒரு கையும் காலுமாக, கண்ணைப் பாறையை விட்டு எடுக்காமல் இறங்கிக் கீழே மணலில் கால் வைத்தபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. "மொத்தம் அம்பத்தெட்டு" என்றார் அவர். எண்ணிக்கொண்டே இறங்கியிருக்கிறார்.

மூன்றாவதாகத் தம்பி. பாதிக்கு மேல் வேகமாகத்தான் வந்தான். நடுவில் நின்று, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தான். செல்போனைச் சட்டைப் பையில் போடப்போனவன் பையைத் தவறவிட்டான். அது பாறையில் ஒரு அடி, இன்னொரு அடி என்று மோதிக்கொண்டே வந்து அவள் காலடியில் விழுந்து சிதறியது. விழுந்த வழியெல்லாம் அவன் கண்ணும் கூடவே வந்தது. அதோடு அவன் நின்றுவிட்டான்.

முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். பிறகு ஏணி கிடுகிடுவென்று நடுங்குவதைப் பார்த்தாள். ஆடியது அவன் கால். "அக்கா, என்னால முடியலக்கா" என்று ஒரு குரல் வந்தது. சின்ன வயசில் ஜுரம் வந்தால் வரும் குரல் அது.

அதற்குள் வேறு வண்டியில் வந்தவர்கள் நாலைந்து பேர் மேலே வந்து சேர்ந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்தினார்கள். "கீழ பாக்காதீங்க!" "பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது!" அவளும் சேர்ந்து கத்தினாள். அவள் கத்தக் கத்த ஏணி இன்னும் ஆடியது.

லிஃப்ட்காரர் அவள் தோளைத் தொட்டார். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார். மேலே நின்றவர்களைப் பார்த்து, சத்தம் போடாமல், ஆனால் தெளிவாக, "ஐயா, ஒருத்தர் மட்டும் பேசினா அவருக்குச் சௌகரியமா இருக்கும். நான் பேசிக்கறேன்" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

அவர் ஏறினார். தம்பியின் காலுக்குக் கீழே போய், இரண்டு கையாலும் ஏணியின் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, அவன் கால்களைத் தன் கைக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, நான்தான். உன் காலுக்கு நேர் கீழ இருக்கேன். நீ சறுக்கினாலும் என் தோள்மேலதான் உக்காருவ. கீழ இருபத்து மூணு படி, மேல முப்பத்தஞ்சு. இப்ப நீ எதுவும் செய்ய வேணாம்."

"செத்துடுவேன் மாமா."

"அதை அப்புறம் பேசிக்கலாம். உன் வலது ஷூ லேஸ் அவுந்திருக்கு. கட்டப்போறேன். கணுக்கால்கிட்ட என் கை படும். வேற எதுவும் இல்ல."

ஒரு கையை விட்டு, நிதானமாக, லேஸைக் கட்டினார். கட்டி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவசரமே படவில்லை. கட்டி முடித்தபோது தம்பியின் கால் நடுக்கம் பாதியாகியிருந்ததை அவள் கீழேயிருந்து பார்த்தாள்.

"முட்டை எத்தனை கொண்டு வந்திருக்கோம் மாப்ள?"

"ப... பன்னெண்டு."

"ஆளுக்கு எத்தனை வரும்?"

"வேன்காரரையும் சேத்தா?"

"சேக்காம எப்படி? அவர்தானே ஓட்டறாரு."

"ரெண்டு. ரெண்டு மிச்சம்."

"சரி. இப்ப ஏணி லேசா அதிரும். நான் ஒரு படி இறங்கறேன், அந்த அதிர்வுதான். இறங்கிட்டேன். இப்ப உன் இடது காலை நான் பிடிச்சு அடுத்த படியில வைப்பேன். கையை நீ விட வேணாம். கால் படியில உக்காந்ததும் சொல்லு, அப்புறம் கையைப் பத்தி யோசிப்போம்."

இப்படித்தான் இருபத்து மூன்று படியும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்கப்போகிறது, எந்தச் சத்தம் கேட்கும், எது எங்கே படும் என்று சொன்னார். சொன்னது அப்படியே நடந்தது. ஒரு தடவைகூட "பயப்படாதே" என்று சொல்லவில்லை. நடுவில் தம்பி அழுதான். அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். முக்கால் மணி நேரம். வீட்டில் ஒரு வருஷம் பேசுவதைவிட அதிகமாக அன்றைக்குப் பேசினார்.

தம்பி மணலில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்து அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள். லிஃப்ட்காரர் கூச்சத்தோடு ஆற்றுப் பக்கம் போய் முகம் கழுவினார். முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அவள் பின்னாலேயே போனாள். பெருமையாக இருந்தது. கூடவே ஒரு கோபமும் இருந்தது.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட இப்படித்தான் பேசுவீங்களா, வேலையில?"

"பயப்படாதீங்கன்னு சொன்னா, பயப்பட ஏதோ இருக்குன்னு நினைப்பாங்க. அவங்க எங்க இருக்காங்க, அடுத்து என்ன நடக்கும், இது ரெண்டும் தெரிஞ்சா போதும்."

"வீட்ல ஏன் ஒருநாளும் இப்படிப் பேசினதில்ல?"

அவர் யோசித்தார். "வீட்ல யாரும் மாட்டிக்கலையே."

"மாட்டிக்கலைன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு, அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாகப் போய் வந்தது. தம்பிகூட மூக்கைத் துடைத்துக்கொண்டு என்ன என்று நிமிர்ந்து பார்த்தான்.

ஏணிப் பக்கம் இனி அவன் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்பது தெரிந்துபோயிற்று. ஆட்டுப் பாதையில்தான் போகவேண்டும், வேன் அந்தப் பக்கத்து ரோட்டுக்கு வரவேண்டும். அதை வேன்காரருக்குச் சொல்வது எப்படி? போன் வேலை செய்யாத இடம். லிஃப்ட்காரர் மறுபேச்சுப் பேசாமல் ஐம்பத்தெட்டுப் படியையும் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு, முட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மறுபடியும் இறங்கி வந்தார். ஐம்பத்திரண்டு வயசு அவருக்கு. மூச்சு வாங்கியதே தவிர முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு மூவரும் சாப்பிட்டார்கள். அவர் அண்ணாந்து இரண்டு சுவருக்கும் நடுவில் தெரிந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தெரியுது?" என்று அவள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டுப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தார்கள். தம்பி மாமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தான். ரோட்டுக்கு வந்தபோது ஐந்தரை. வேன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தம்பி பொண்டாட்டி புருஷனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க போன் எங்க?" என்றாள். நடந்ததை அவனே சொன்னான், அழுததையும் விடாமல். அதற்கப்புறம் எத்தனையோ இடத்தில் அவன் அதைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஏணி பத்துப் படி நீளும், ஆனால் அழுகையை மட்டும் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் அவன் நல்லவன்தான்.

நகரத்து எல்லைக்கு வந்ததும் லிஃப்ட்காரரின் போன் அடித்தது. கூட்டாளிதான். அவர் ஓர் ஆஸ்பத்திரியில் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாராம். அதே நேரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். வேன் போகும் வழியிலேயே இருந்தது அந்தக் குடியிருப்பு. "இங்க இறக்கி விட்டுடுங்க" என்றார்.

"நானும் வரேன்" என்று அவளும் இறங்கினாள்.

காவல்காரர் கொடுத்த சாவியையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு அவர் மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்குப் போகுமுன், மூன்றாவது மாடியில் நின்று, மூடிய கதவோரம் வாயை வைத்தார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் லிஃப்ட் ரிப்பேர்காரன். நீங்க மூணாவது மாடிக்குக் கொஞ்சம் கீழ இருக்கீங்க. மேல போய் கையால சக்கரத்தைச் சுத்தி உங்களை இந்தக் கதவுக்கு நேரா கொண்டு வரணும். லேசா ஒரு குலுக்கல் இருக்கும். உங்க மூச்சு சீராகட்டும், அப்புறம் போறேன். ஒண்ணும் அவசரமில்ல."

உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது. "எங்கேயிருந்து வரீங்க? ஒரு மணி நேரமா இங்க இருக்கேன்."

"தப்புதாம்மா. தூரத்துல ஒரு மலைப்பிளவுக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரியோட. உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா வானம் ஒரு ரிப்பன் அகலத்துக்குத்தான் தெரியும். சுவர் மேல கறுப்பா இருக்கும், கீழ வர வர செங்கல் நிறம், தண்ணிகிட்ட ரோஸ் கலர். பாறையில சின்னச் சின்னக் குருவிக் கூடு, நூறாவது இருக்கும். ஒவ்வொரு குருவியும் அத்தனை கூட்டுல தன் கூட்டைத் தப்பாம கண்டுபிடிச்சுப் போகுது. நான் ரொம்ப நேரம் அதையேதான் பாத்துட்டிருந்தேன்..."

அவள் அந்தக் குருவிகளைப் பார்க்கவே இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவோரம் குனிந்து நின்றவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றது கதவுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல்.