சுமைதாங்கிக்கு அடுத்த கல்

எனக்கு ஏலக்காயோடுதான் பிழைப்பு. போடியில் ஒரு மொத்தக் கடையில் தரம் பார்க்கிறேன். ஒரு கை அள்ளி உருட்டினால், காய் எந்தப் பக்கத்து மலையிலிருந்து இறங்கியது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவேன். சில நாள் தப்பும். அன்றைக்கு மழையைக் குறை சொல்லிவிடுவேன். இப்படி நாள் பூராவும் எங்கிருந்து வந்தது என்றே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எப்படி வந்தது என்ற கேள்வி இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை.

இப்போது மூட்டை ஜீப்பில் வருகிறது. ஜீப்புக்கும் ரோட்டுக்கும் முன்னால்? போன வருஷம் இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது, விட்டபாடில்லை. கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். செல்போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மலையைத் தடவினேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மேற்குக் கடற்கரையில் கப்பல் ஏறிய மிளகு ஒரு பக்கம் போக, மலையைத் தாண்டி எங்கள் பள்ளத்தாக்கு வழியாக மதுரைக்கும் அதற்கு அப்பாலும் நடந்தே போன மிளகும் உண்டாம். பொதிமாட்டின் முதுகில் கொஞ்சம், மனிதர் தலையில் கொஞ்சம். இங்கிருந்து உப்பும் துணியும் மேலே ஏறியிருக்கின்றன. கப்பலைப் பற்றி எழுதினவர்கள் ஏராளம். சுமந்த தலையைப் பற்றி எழுதினவர்களைத்தான் காணோம்.

அந்தப் பாதையில் ஒரு துண்டு என் பிறந்த வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம். அதன் ஓரத்தில் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியது, அவ்வளவுதான். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் அதைத் தரையில் இறக்கினால், மறுபடி தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். தலை உயரத்தில் கல் இருந்தால் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கி, அப்படியே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் இப்படிக் கல் நடுவார்கள். எங்கள் கல் யாருக்காக நட்டது என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கல்லைத்தான் வெள்ளிக்கிழமை பிடுங்கப்போவதாக அண்ணன் போனில் சொன்னார். திராட்சை ஏற்ற லாரி உள்ளே வரவேண்டும், தடம் அகலமாக வேண்டும், பொக்லைனுக்குச் சொல்லியாயிற்று. அவர் அதைச் சொன்னது செவ்வாய்க்கிழமை. புதன் காலையில் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, இது ரெண்டாயிரம் வருசத்துப் பாத!"

"ஒத்தக் கல்ல வச்சுக்கிட்டுப் பாதைங்கிறியே. மாடு ஒரசிக்கிறதுக்கு நட்டுருப்பாக. பாதைன்னா அடுத்த கல்லு எங்கத்தா? அதக் காட்டு, இதத் தொடாம விட்டுர்றேன்."

"நெசமாவா?"

"வெள்ளிக்கெழம காலைக்குள்ள காட்டணும்."

கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்று எனக்கொரு நினைப்பு. செய்யாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் யோசனை இதுதான்: கல் நட்டவர்கள் கண்ட இடத்தில் நட்டிருக்கமாட்டார்கள். சுமக்கிறவர் கழுத்து எங்கே போதும் என்கிறதோ, அங்கே நட்டிருப்பார்கள். நானும் சுமந்து நடந்தால் அந்த இடத்தை என் கழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் பிரிக்காத அரிசிச் சிப்பம் ஒன்று இருந்தது, இருபத்தைந்து கிலோ. சும்மாடு சுற்றிக்கொண்டு, அண்ணனையே தூக்கிவிடச் சொல்லி, சுமைதாங்கியிலிருந்து மலையைப் பார்த்து நடந்தேன். பக்கத்து வாழைத்தோப்பைக்கூடத் தாண்டவில்லை, கழுத்து போதும் என்றது. அங்கே வெறும் செம்மண். சரி, இன்னும் கொஞ்சம் என்று வீம்புக்கு நடந்தேன். ஏற்றத்தில் கால் இடறி, சிப்பம் சரிந்து, தையல் விட்டு அரிசி கொட்டியது. எங்கிருந்துதான் வந்தனவோ, நான்கு மயில்கள் வந்துவிட்டன.

மேல்காட்டில் புல் அறுத்துக்கொண்டு மதினி இறங்கி வந்தார். அண்ணன் மனைவி. தலையில் அவரைவிட அகலமான புல்லுக்கட்டு, ஒரு கையும் அதைப் பிடிக்கவில்லை.

"என்னத்தா, மயிலுக்கு அரிசி போடவா லீவு எடுத்துட்டு வந்தே?"

எரிச்சலோடு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மெளகு மலையில ஏறுச்சா, எறங்குச்சா?"

"எறங்குச்சு."

"பெறகு நீ எதுக்கு ஏறுறே?"

உப்பு ஏறியது என்று சமாளித்துப் பார்த்தேன். "உப்பு ஏறட்டும், நீ ஏற மாட்டே. எம் பின்னாடி வா," என்றார். கை நிறைய ஏலக்காயை அள்ளி அள்ளித் திசை சொன்னவள், தலையில் சுமையை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சுமைதாங்கி வந்ததும் மதினி நின்றார். திரும்பிக்கூடப் பார்க்காமல் லேசாகச் சாய்ந்தார், கட்டு தலையிலிருந்து கல்லுக்கு நகர்ந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மதினி, தெனமும் இதுலதான் வைக்கிறியளா?"

"பெறகு எங்கன வைக்க? தூக்கிவிடத் தோட்டத்துல ஆளா நிக்கிறாக?"

மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் பாதி வழியில் வாய்க்கால். அங்கே வந்ததும், கரையில் நின்ற பூவரச மரத்துக் கவையில் கட்டைச் சாய்த்து, சரியாமல் தோளால் முட்டுக்கொடுத்து நின்றார்.

"இங்கன வந்தாக் கழுத்து விண்ணுனு தெறிக்கும். இங்கன ஒரு கல்லு இருந்தாத் தேவலன்னு தெனமும் நெனப்பேன்."

நான் மரத்தடியைப் பார்த்தேன். வாய்க்கால் படியில் துணி துவைக்கிற கல் கிடந்தது. பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பாவாடையை நானே அடித்துத் துவைத்த கல். நீளமாக, பட்டையாக இருந்தது. குனிந்து சாண் போட்டேன், ஏழு சாண். திரும்ப ஓடிப்போய்ச் சுமைதாங்கியின் மேல்கல்லை அளந்தேன். அதுவும் ஏழு சாண். இரண்டுக்கும் ஓரத்தில் ஒரே மாதிரி உளி வேலை. நான் போட்ட கூச்சலில் அண்ணன் மோட்டார் ரூமிலிருந்து ஓடிவந்தார்.

மேல்கல்லை அவரும் அளந்தார், என்னோடு வாய்க்காலுக்கு வந்து துவைக்கிற கல்லையும் அளந்தார். இரண்டு தடவை அளந்தார். சும்மா சொல்லக்கூடாது, சொன்ன சொல்லில் நின்றார். "சரித்தா, விட்டுர்றேன்," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பேர் இங்கே நின்றிருப்பார்கள், என்ன சுமந்திருப்பார்கள், இதே இடத்தில் எத்தனை கழுத்து வலித்திருக்கும் என்று கடகடவென்று பேசிக்கொண்டே போனேன். மதினி இன்னும் கட்டுக்குத் தோள் கொடுத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"ஏத்தா, செத்துப்போனவுக கழுத்தப் பத்தி இம்புட்டுக் கேக்குறியே. முப்பது வருசமா எங்கழுத்தும் இதே வழியிலதான் வருது. ஒரு நா கேட்டியா?" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "அவுக மட்டும் என்ன? பொக்லைன்காரருக்குச் சொன்னாக. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாகளா?"

குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாதம் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போகிறேன். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலில்தான் காபி குடிக்கிறேன். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கட்டை எடுத்து மதினி தலையில் வைத்துவிட அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். "வேணாம்," என்று தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமையும் லீவு போட்டேன். பொக்லைன் வந்தது. தடம் சுமைதாங்கியைச் சுற்றி வளைந்து போனது. வளைவுக்காகத் திராட்சைப் பந்தலில் கடைசி வரிசை போயிற்று. அதில் பிடுங்கிய இரண்டு கல்தூண்களை வாய்க்கால் கரையில் நட்டு, துவைக்கிற கல்லைத் தூக்கி மேலே கிடத்தினார்கள். அண்ணன் அடியில் போய் நின்று, தன் உச்சந்தலைக்குச் சரியாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

மதினி கட்டோடு வந்தார். சாய்ந்து பார்த்தார். எம்பிப் பார்த்தார். கட்டின் அடிப்பாகம் கல்லில் இடித்ததே தவிர மேலே ஏறவில்லை.

"யாரு சொமக்கன்னு நட்டாக?" என்றார்.

அண்ணன் கிளம்பப்போன பொக்லைனைக் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு மதினியிடம் போய், தலையிலிருந்த கட்டை இறக்கிக் கீழே வைத்தார்.

"வா. வந்து நில்லு," என்று கல்தூணோடு ஒட்டி நிறுத்தி, அவர் தலை வந்த இடத்தில் ஈர மண்ணால் ஒரு கோடு போட்டார்.