சோலருக்கு வைத்த பொட்டு

எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மண் கும்பி கொஞ்சம் உயரமாக இருந்தாலே மாடுகள் ஏறி நின்று பார்க்கும். ஆனாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடியிருப்பை எல்லோரும் "மலையாக்களின்ர இடம்" என்றுதான் சொல்வார்கள். அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் மலையைக் கண்ணால் கண்டதில்லை. தேயிலைத் தோட்டங்களில் இருக்க விடாமல் துரத்தப்பட்ட தாய் தகப்பன்மார் வந்து காடு வெட்டிய இடத்தில் பிறந்தவர்கள். நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். என்னுடைய அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்துக்கொண்டு வந்தவர். வந்து குடியேறியதில் இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று கூட்டங்களில் நான் சொன்னால் எங்கள் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு அதில் ஒரு சந்தோசம்.

எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில்தான் எங்கள் தொண்டர் குழு தொடங்கியது. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கிற மிசின்கள் எல்லாம் மூலைக்குள் கிடந்தன. மிளகாயும் கத்தரியும் கண்ணுக்கு முன்னால் கருகின. இப்படியே இருந்தால் சரிவராது என்று இரண்டு பக்கத்திலும் சிலபேர் ஒன்று சேர்ந்தோம். சம்பளம் இல்லை, பதவி இல்லை, கூட்டம் வைத்தால் இருக்கக் கதிரைகூட இல்லை. அலைந்து திரிந்து, வெளியிலிருந்து ஓர் உதவி பிடித்து, அந்தக் குடியிருப்பின் பொதுக்கிணற்றுக்கு சோலர் மோட்டர் போட்டோம். குழாய் தாழ்க்க இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து மண் வெட்டினார்கள். தேயிலைத் தோட்டத்தில் வடிகான் வெட்டிப் பழகிய கைகளின் பிள்ளைகள் வெட்டியது நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. எங்கள் பக்கத்தவர்கள் வெட்டிய பகுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

மோட்டரைப் பார்த்துக்கொள்ள முன்வந்தவர் ஒரு அண்ணை. எங்கள் குழுவில் அவரைவிட நேர்மையான ஆள் கிடையாது. விடிய எழும்பி வந்து, இன்றைக்கு எந்த வரிசைக்குத் தண்ணீர் முறை என்று பார்த்துக் குழாய் திருப்பிவிடுவார். அவருடைய தகப்பனார் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்தவர். ஃபாக்டரியின் பெரிய சக்கரத்தை அங்கே ரோதை என்பார்கள். அதைக் காப்பது ரோதமுனி. முனியைக் கும்பிடாமல் ஒருவரும் இயந்திரத்தில் கை வைக்கமாட்டார்களாம். அதனால் எங்கள் மோட்டர் ஓடத் தொடங்கிய அன்றே அண்ணை கிணற்றடியில் ஒரு கல்லை நட்டு, அதுதான் முனி என்றுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தன் பொருள் என்று நினைக்காத எதையும் மனிதர் இப்படிக் கவனமாகப் பார்ப்பார்களா என்றும் யோசித்தேன். கல் இருக்கட்டும் என்று விட்டேன்.

குழாய் போய் முடிகிற கடைசி வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தா. கடைசிச் சண்டை நேரம் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் சனத்துக்குள் புருசனைத் தவறவிட்டவ. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும், "செத்ததை நான் காணேல்ல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டா. நெற்றியில் குங்குமம் எப்போதும் இருக்கும். நேரில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் கலியாண வீடு, பூப்புனித வீடு என்றால் ஆராத்தி எடுக்க அவவைக் கூப்பிடவும் மாட்டார்கள். சோலர் வந்ததும் தன்னுடைய பழைய மிசினைச் செட்டிகுளத்தில் இருக்கிற தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வளவு முழுக்க மிளகாய் நட்டா. அந்த வருசச் சீவியம் முழுவதும் அந்தக் கன்றுகளில்தான் இருந்தது.

ஆடி மாதம் பிறந்தது. கன்றுகள் பூக்கத் தொடங்கிய நேரம், தண்ணீர் குறைய ஆரம்பித்தது. முதலில் கடைசி வீட்டுக்கு மெல்லிய நூலாக வந்தது. பிறகு சொட்டியது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. மேகம் ஒரு துண்டு இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. குழாயை மிதித்து மிதித்துப் பார்த்தோம், ஒழுக்கு இல்லை. நடுவீட்டுக்காரர் களவாக எடுக்கிறார் என்று ஒரு கதை கிளம்பி, இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொண்டது. அண்ணை முனிக்குக் கோபம் என்று முடிவு கட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூசையைக் கூட்டினார். பூசை கூடக்கூடத் தண்ணீர் குறைந்தது. தண்ணீர் குறையக்குறையப் பூசை கூடியது.

கடைசியில் சோலர் பூட்டித் தந்த பொடியனுக்குக் கிளிநொச்சிக்குப் போன் கோல் எடுத்தேன். சோலர் பனல் தகடுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உடனே கோல் வந்தது.

"அக்கா, பனலுக்கு ஆர் பொட்டு வச்சது?"

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு தகட்டிலும் மூன்று விரலால் இழுத்த திருநீறு, அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதற்குமேல் குங்குமம். ஒவ்வொரு வெள்ளியும் பழையதற்கு மேலே புதியது. வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகிப்போய் இருந்தது. தகட்டில் ஓர் இடம் மறைந்தாலே தகட்டு வரிசை முழுவதிலும் மின்சாரம் குறைந்து, மோட்டரின் இழுவையும் குறைந்துவிடும் என்று அவர் விளக்கினார். கண்ணாடி சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம், விடிய வெள்ளனக் கழுவுங்கோ என்றார். சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்காவின் மிளகாயில் பூ கொட்டத் தொடங்கியிருந்தது.

அடுத்தநாள் காலையில் குழு முழுவதும் கிணற்றடியில் கூடினோம். வாளி இருந்தது, துணி இருந்தது, ஏணி இருந்தது. ஏறத்தான் ஆள் இல்லை. வைத்த பொட்டை அழிக்கிறதா? குடும்பப் பெண்கள் எல்லோரும் ஓரடி பின்னுக்குப் போனார்கள். ஆண்கள் முனியை நினைத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் துணியை எடுத்தேன். அண்ணை ஏணியில் கை வைத்து மறித்துவிட்டார். கோபமோ பயமோ வந்தால் அவருக்குத் தகப்பனின் தமிழ் வந்துவிடும்.

"நீங்க அந்தப் பக்கத்து ஆளுங்கம்மா. இது எங்க முனி. ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவருடைய மனைவி பின்னால் நின்றா. நல்ல மனிசி. எனக்கு எத்தனை நாள் சோறு போட்டவ. அவதான் அதைச் சொன்னா.

"கடைசி வீட்டுப் புள்ளயக் கூப்பிடுங்க. அதுக்கு இனிமே என்ன வந்துடப் போவுது?"

கடைசி வீட்டுப் பிள்ளை வெறும் வாளியோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றா. எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். மரம் நடவும் புகை குறைந்த அடுப்புக் கட்டவும் வகுப்பு எடுத்தோமே, இதற்கு எங்கே வகுப்பு எடுப்பது? வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன். "ஆராத்திக்குக் கூப்பிடத் தெரியாது, அழிக்கிறதுக்கு மட்டும் கூப்பிடத் தெரியுமோ?" என்று கேட்டேன். அக்காதான் என் கையில் இருந்த துணியை வாங்கினா.

"கத்தாத. பூ கொட்டுது. ஏணியைப் பிடி."

ஏறினா. துணியை நனைத்து ஊறவிட்டு, நகத்தால் சுரண்டாமல், கண்ணாடிக்கு நோகாமல் கழுவினா. சிவப்பும் மஞ்சளுமாகத் தண்ணீர் அவவின் முழங்கை வழியே ஓடிச் சட்டையை நனைத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மேலேயும் சொட்டியது. கடைசித் தகடு முடிகிறபோது வெயில் ஏறிவிட்டது. அண்ணை மோட்டரைப் போட்டார். கிணற்றடித் தாங்கித் தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த சத்தத்தில் எல்லோரும் ஒருமுறை மூச்சு விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கடைசி வளவுக் குழாயில் தண்ணீர் பாய்கிறது என்று அங்கேயிருந்து ஆரோ கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அக்கா இறங்கி வந்து முகத்தைத் துடைத்தா. சந்தோசத்தில் கையில் இருந்த ஈரத்துணியாலேயே துடைத்துவிட்டா.

எல்லோர் கண்ணும் தன் நெற்றியில் நிற்பதைக் கண்டு அவ மெல்ல விரலால் தடவிப் பார்த்தா. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இடம்பெயர்ந்த கதை, முகாம் கதை எல்லாம் முகம் மாறாமல் சொல்கிற மனிசி அவ. அந்த முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு பொட்டை நம்பியா இவ்வளவு காலம் இருந்தா?

அண்ணையின் மனைவி முனியின் கல்லடிக்குப் போனா. தட்டில் இருந்த குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து நின்றா. புருசன் உயிரோடு இருக்கிற பெண் இன்னொருத்தியின் நெற்றியில் குங்குமம் வைப்பதென்றால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். சொன்ன சொல்லுக்கு வெட்கப்பட்டாவோ, இல்லை அபசகுனத்துக்குப் பயந்தாவோ, நான் இன்றுவரை கேட்கவில்லை. பட்டும் படாததுமாக ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனா.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டா.

"கொஞ்சம் பெரிசா வையுங்கோ அக்கா," என்றா. "தூரத்தில இருந்து வாற ஆளுக்கும் தெரியவேணும்."